நனைந்த தீப்பெட்டி

என் பட்டறைக்குள் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் போட்ட சட்டம்தானே என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில், பைக் வேலை என்றால் என் பட்டறையைக் கை காட்டாத ஊர் கிடையாது. என் சட்டத்துக்கு அடங்காத ஆளும் கிடையாது. ஒரு போலீஸ்காரர் வாயில் சிகரெட்டோடு உள்ளே வந்தார். "சார், அதைப் போட்டுட்டு வாங்க, இல்லன்னா வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போங்க" என்றேன். போட்டுவிட்டுத்தான் வந்தார். ஆயுத பூஜைக்குக் கற்பூரத்தைக்கூட உள்ளே ஏற்ற விட்டதில்லை. சாமிப் படத்தைச் சாலையோரம் கொண்டுபோய் வைத்து அங்கேதான் பூஜை. பூசாரி முணுமுணுத்தார். "சாமி வெளிய வரலாம் சாமி, நெருப்பு உள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அவர் என் சம்பந்தி. என் ஒரே மகளின் மாமனார்.

இதைச் சொல்லும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல். மிச்சம் மீதி இருந்தால் ஊர் மேல்.

பெட்ரோலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். பத்து வயதில் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தண்ணீர் கட்ட அனுப்பினார்கள். மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எந்த வரப்பில் எலி வளை இருக்கிறது, எந்த மூலையில் தேங்கும் என்பதெல்லாம் எனக்குக் காலாலேயே தெரியும். மேட்டில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பள்ளத்தில் நிற்கிறவனுக்குத்தான் முதலில் கால் நனையும்.

பிறகு பட்டறை வேலைக்கு வந்தேன். நான் வேலை பழகிய இடத்தில் ஒரு நாள் தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தோம். பத்தடி தள்ளி, தரை பள்ளமாக இருந்த மூலையில் முதலாளி டீ போட ஸ்டவ்வைப் பற்றவைத்தார். நெருப்பு ஸ்டவ்விலிருந்து தட்டுக்குப் பாய்ந்து வந்தது. இடையில் ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை. வெறுந்தரை. எல்லோரும் திருஷ்டி என்றார்கள். முதலாளி பூசணிக்காய் உடைத்தார். எனக்கு மட்டும் அன்றைக்கே பிடிபட்டுவிட்டது. தட்டிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் வழிந்து, தண்ணீரைப் போலவே பள்ளத்தைத் தேடிப்போய் ஸ்டவ்வின் காலடியில் தேங்கி நின்றிருக்கிறது. ஆவி மேலே போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சோற்றுப் பானையின் ஆவி மேலே போகும். பெட்ரோலின் ஆவி தரையோடு தரையாகப் போகும். இதைப் பின்னாளில் ஒரு இன்ஜினீயர் தம்பியிடம் சொன்னேன். "கரெக்டுதான் அய்யா, காத்தை விட கனம்" என்றார். அவர் நான்கு வருஷம் படித்ததை நான் ஒரு டீக்குக் காத்திருந்த நேரத்தில் படித்துவிட்டேன்.

சம்பந்தி விஷயத்துக்கு வருகிறேன்.

சாதியில் நாங்கள் ஒன்றுதான் என்றாலும், அவர் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். அந்த மாதிரி நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் என்னுடையது. என் பட்டறை பெருத்த பிறகு அவர்களே வந்து பெண் கேட்டார்கள். நான் தேடிப் போகவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தங்கமான பையன். சம்பந்தியும் கெட்டவர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் டவுன் வேலையை முடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து சிகரெட் வெளியே வரும்.

அவர் உட்கார ஒரு தேக்கு நாற்காலி செய்து போட்டேன். கிரீஸ் படாத இடமாக, தரையில் டைல்ஸ் ஒட்டிய மூலையாகப் பார்த்துப் போட்டேன். வண்டி கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக என் பட்டறைத் தரையைச் சரிவாகக் கட்டியிருக்கிறேன். அந்தச் சரிவு முடிகிற மூலை அதுதான். தண்ணீரின் போக்குத் தெரிந்தவன் என்று மார் தட்டுகிற நான், சிகரெட் பிடிக்கிற ஆளைக் கொண்டுபோய்க் கடைமடையில் உட்கார வைத்தேன். மரியாதை கண்ணை மறைத்துவிட்டது.

சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். சுவரில் 'புகை பிடிக்கக் கூடாது' என்று போர்டு மாட்டினேன். அதை அவர் வாய்விட்டுப் படித்தார். "நல்ல காரியம் பண்ணீங்க சம்பந்தி. கண்டவனும் உள்ள வந்து ஊதிட்டுப் போறான்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைப் பற்றவைத்தார். அடுத்த வாரம் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையாக வாங்கித் தட்டில் வைத்தேன். வாய் நிறைந்திருந்தால் சிகரெட்டுக்கு இடம் இருக்காது என்பது என் கணக்கு. நிதானமாக மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டு, உள்ளே வந்து பற்றவைத்தார். "வெத்தலை போட்டா ஒரு தம் அடிச்சாத்தான் சம்பந்தி சரியா இருக்கும்" என்றார்.

நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரியிடம் நானும் அதைத்தான் கேட்டேன்.

"சொல்லுங்க, யாரு வேணாங்குறா? சொல்லிட்டு நீங்க வீட்டுக்கு வந்து சோறு திம்பீங்க. அங்க நம்ம பொண்ணு மூஞ்சியைத்தான் எல்லாரும் பாப்பாங்க. 'உங்கப்பன் என்னைப் பட்டறையை விட்டு எந்திரிக்கச் சொன்னான்'னு காலத்துக்கும் அவதான் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

பெண்ணைக் கொடுத்தவன் நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நம் ஊரில் எவன் எழுதி வைத்தானோ தெரியவில்லை. அவனைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்பேன்.

என் பட்டறையில் ஒரு தலைமை மெக்கானிக் உண்டு. நாற்பது வயது தாண்டியவர். அவர் வலது முன்கை முழங்கை வரைக்கும் சுருங்கிய தோலாக இருக்கும். முன்பு வேலை பார்த்த ஊரில், முதலாளியின் கூட்டாளி ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் பீடியைப் பற்றவைக்க, டேங்க் கழற்றிக்கொண்டிருந்த இவர் கை எரிந்தது. வேலை கேட்டு வந்தபோது அந்தக் கையை முழுக்கைச் சட்டையில் மறைத்துக்கொண்டு வந்தார். நான் சட்டையைச் சுருட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தழும்புக்காகவே வேலை கொடுத்தேன். மற்ற முதலாளிகள் சர்டிபிகேட் பார்ப்பார்கள். எனக்குப் படிக்கத் தெரிந்தது இதுதான்.

அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "அண்ணே, அய்யாகிட்ட நீங்க சொல்லுங்க. இல்லன்னா ஒரு நாளு நான் சொல்லிடுவேன்."

"நீ சும்மா இரு. எம் பொண்ணு வாழுற வீடு அது."

"உள்ள நாங்க நாலு பேரு இருக்கோம் அண்ணே. எங்களுக்கும் வீடு இருக்குல்ல?"

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் அடித்தது. மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு தனி வேலை வரும். வெளியில் நிற்கிற வண்டிகளில் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். முன்பெல்லாம் கொஞ்சம் தண்ணீர் போனால் தெரியாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால், தண்ணீர் பட்டதும் அது பிரிந்து அடியில் தங்கிவிடுகிறது. வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். டேங்க்கைக் கழற்றி முழுதும் வடித்தால்தான் தீரும். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பதினோரு வண்டிகள் வந்து நின்றன. வடிக்கிற பெட்ரோலுக்கு மூடி போட்ட இரும்பு டின்கள் வைத்திருக்கிறேன்; இந்தச் சாலையில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை. ஆனால் அன்று எல்லா டின்னும் நிரம்பிவிட்டது. "பேசின்ல புடிங்கடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னதும் நான்தான். ஆறு பேசின்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடந்தன. சாரல் உள்ளே அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். கரண்ட் இல்லை, காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் நின்றுவிட்டது. உள்ளே கண் எரிந்தது. வேலை மும்முரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஷட்டருக்குக் கீழே குனிந்து சம்பந்தி உள்ளே வந்தார். தலையில் துண்டு, உடம்பெல்லாம் மழை.

"என்ன மழை, என்ன மழை! மேட்டூர் திறக்கலைன்னு அழுதோம், இப்ப வானம் திறந்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டே தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார். சிகரெட்டை வாயில் வைத்தார். தீப்பெட்டியை எடுத்து உரசினார்.

பற்றவில்லை. மழையில் நனைந்த பெட்டி.

தலைமை மெக்கானிக் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லுங்கள் என்று நாலு ஜோடிக் கண்கள் கேட்கின்றன. என் மகள் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. அடுத்த வாரம் அந்த வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி, எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறோம். அவள் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

இரண்டாவது குச்சி. மருந்து வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது குச்சி லேசாகப் புகைந்து அணைந்தது.

"சம்பந்தி, காஞ்ச தீப்பெட்டி ஏதும் இருக்கா?" என்றார் என்னிடம்.

என்னிடம் கேட்கிறார். என் பட்டறையைக் கொளுத்த என்னிடமே நெருப்புக் கேட்கிறார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பெட்டியின் நடுவிலிருந்து ஒரு குச்சியைப் பொறுக்கி எடுத்தார். துண்டை விலக்கி, காய்ந்திருந்த தலைமுடியில் அந்தக் குச்சியின் முனையைத் தேய்த்துச் சூடேற்றினார். அனுபவசாலி அல்லவா! பெட்டியைத் திருப்பி, நனையாத பக்கம் பார்த்துக் குச்சியைக் கொண்டுபோனார்.

உரசுவதற்குள் தலைமை மெக்கானிக் நாற்காலி பக்கம் போய்விட்டார். சம்பந்தியின் உதட்டிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கினார். மறு கையால் தீப்பெட்டியைப் பறித்தார். இரண்டையும் ஷட்டருக்குக் கீழே மழையில் வீசிவிட்டார்.

மற்ற மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எவன்டா நீ?" சம்பந்தி எழுந்துவிட்டார். "எவன் வாயில கை வைக்கிற? சம்பந்தி, உங்க ஆளு எம் மேல கை வைக்கிறான், நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மெக்கானிக்கைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இந்த வயதில் எனக்கு என்ன யோக்கியதை. "என்னடா இது, பெரியவர்கிட்ட நடந்துக்கிற லட்சணமா?" என்று அவரைத்தான் அதட்டினேன்.

அவர் என்னோடு வாதாடவில்லை. "பேசினைப் பாருங்க அண்ணே" என்றார். அவ்வளவுதான்.

பார்த்தேன். ஆறு பேசின்களும் மேட்டுப் பக்கம் கிடந்தன. தரை அங்கிருந்து சரிந்து, தேக்கு நாற்காலியின் கால்களில் போய் முடிந்தது.

சம்பந்தி கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. எப்படி? 'பட்டறைக்காரன் ஆளை விட்டு சம்பந்தி வாயில் அடித்துவிட்டான்' என்று. ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னால், எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

"அதான் ஒண்ணும் ஆகலையே?"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது. பட்டறை எரிந்து நாலு பேர் கருகியிருந்தால், 'அய்யோ, யாராவது தடுத்திருக்கக் கூடாதா' என்று மூக்கைச் சிந்தியிருப்பார்கள். ஒருவன் தடுத்துவிட்டான். தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் தடுத்தவன் குற்றவாளி. இது என்ன நியாயம்? எரிந்தால்தான் நெருப்பு என்று ஒப்புக்கொள்வீர்களா?

மறுநாள் மகள் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா, மாமா நேத்துலேருந்து சரியா சாப்பிடலை. அந்த ஆளு வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டாத்தான் வளைகாப்புன்னு சொல்றாரு."

"உன்னை ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"என்னை ஒண்ணும் சொல்லலை. சொன்னாக்கூடப் பரவால்லப்பா. யாரும் எங்கூடப் பேச மாட்டேங்குறாங்க."

என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டேன். இப்படி இப்படி என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

"மன்னிப்புத்தானே அண்ணே, கேட்டுடறேன். பாப்பா நல்லாருக்கணும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை அவரு பத்த வச்சா மறுபடியும் புடுங்குவேன். அதுக்கும் சேத்து இப்பவே கேட்டுடலாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் வீட்டுக்காரியும் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மெக்கானிக்கும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையை மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு வந்தார். மழை விட்டிருந்தது. வாசலில் நாற்காலிகள் போட்டு, சம்பந்தியும் அவருடைய பங்காளி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாயத்து மாதிரித்தான். என் மகள் நிலைப்படி ஓரம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

காபி வந்தது. மெக்கானிக்குக்கு மட்டும் கொடுக்கவில்லை. நானும் என் டம்ளரை அப்படியே வைத்துவிட்டேன்.

பங்காளிதான் ஆரம்பித்தார். "இதைப் பெருசு பண்ண வேணாம். அவன் வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும். என்ன இருந்தாலும் பெரியவர் வாயில கை வைக்கலாமா? அன்னைக்கு அங்க ஒண்ணும் ஆகலையே!"

இருந்து இருந்து அந்த வார்த்தை இங்கேயும் வந்துவிட்டது. அதுவரைக்கும் நான் மன்னிப்புக் கேட்க வைக்கிற எண்ணத்தில்தான் இருந்தேன். பொய் சொல்லவில்லை.

மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தார். நான் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன்.

"சம்பந்தி, ஒரு சிகரெட்டுக் குடுங்க" என்றேன்.

அவர் விழித்தார். "நீங்கதான் குடிக்க மாட்டீங்களே?"

"இன்னைக்குக் குடிக்கிறேன். தீப்பெட்டியும் குடுங்க. காஞ்சதா."

கொடுத்தார். நான் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. கொட்டகையை ஒட்டிக் குறுவை வைக்கோலைப் போராகப் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் மெஷின் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. அவர் மட்டும் பழைய மாதிரி போர் போட்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்படுவார். நான் நேராக அந்தப் போரிடம் போய் முதுகைச் சாய்த்து நின்றேன். பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தேன்.

இதே மாதிரி ஒரு வைக்கோல் போர் பக்கத்தில் காதில் பீடி செருகியிருந்ததற்காக என் அப்பா செருப்படி வாங்கியிருக்கிறார். பற்றவைத்ததற்குக்கூட இல்லை, செருகியிருந்ததற்கு. அது வேறு ஊர், வேறு நிலக்காரர். ஆனால் போர் ஒன்றுதான். வைக்கோல் பக்கம் நெருப்பு கூடாது என்பது இவர்கள் எல்லோருக்கும் ரத்தத்திலேயே தெரியும். கூலிக்காரனுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தை, தாங்கள் சட்டைப் பையில் தீப்பெட்டியோடு டவுனுக்கு வரும்போது மறந்துவிடுவார்கள்.

குச்சியின் முனையைப் பெட்டியின் உரசுகிற பக்கத்தில் வைத்தேன். உரசவில்லை, சத்தியமாக உரசுகிற எண்ணமும் இல்லை.

அந்தக் கனத்த மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் என் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்கினார். நகம் பட்டு என் கீழுதடு கிழிந்தது. தீப்பெட்டியைத் தட்டிவிட்டார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? போர்ப் பக்கத்துல எவனாவது..."

கையில் என் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் உதட்டைத் துடைத்துக்கொண்டேன். "போர் நாலு நாளா நனைஞ்சு கெடக்கு சம்பந்தி" என்றேன். "ஒண்ணும் ஆகியிருக்காது."

பங்காளி தன் காபி டம்ளருக்குள் எதையோ தேடினார். நிலைப்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "மெதுவா, மெதுவா" என்று சம்பந்தியம்மா அவள் முதுகைத் தடவினார்; அவர் தோளும் குலுங்கியது.

நான் அதோடு விடவில்லை. இரண்டு வருஷத்துக் கோபம் ஆயிற்றே. "வைக்கோலு கண்ணுக்குத் தெரியுது, ஓடி வந்தீங்க. எம் பட்டறையில தரை முழுக்க நின்ன பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியலை. அதைப் பாக்குற கண்ணு இவர் ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு" என்று சொல்லி, மெக்கானிக்கின் வலது கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, கையை இழுத்துக்கொண்டார். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சம்பந்தி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம், "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

"வீட்டுல போயி சாப்பிட்டுக்குறேன் அய்யா."

"வீட்டுல தினந்தான் சாப்பிடுற. இலை போடச் சொல்லியிருக்கேன், உக்காரு." பிறகு என் பக்கம் திரும்பி, யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வது போல், "வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல பத்தரைக்குள்ள நல்ல நேரம். வளையல்காரனுக்குச் சொல்லியாச்சு" என்றார்.

மெக்கானிக் சாப்பிட்டார். நான் ஆறிப்போன காபியைக் குடித்தேன். என் மகள் வந்து என் கீழுதட்டில் மஞ்சள் வைத்துவிட்டு, "வயசான காலத்துல சிகரெட்டு கேக்குதா உங்களுக்கு?" என்று காதோரம் திட்டினாள்.

வளைகாப்பு சிறப்பாக நடந்தது. மகளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

பட்டறையில் சிலதை மாற்றினேன். டின் நிரம்பினால் வேலை நிற்கும், பேசின் கிடையாது. எத்தனை மழை பெய்தாலும் பெட்ரோல் வடிக்கிற வேலை பின்பக்கத் தகரக் கொட்டகையில், மூன்று பக்கமும் திறந்த இடத்தில்தான். தேக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச்சாரியில் டீக்கடையில் போட்டேன். சம்பந்தி இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார். அங்கே உட்கார்ந்து ஊதித் தள்ளுகிறார். அது அவர் நுரையீரல். அதற்கு நான் சட்டம் போட முடியாது.

கதை இதோடு முடிந்திருந்தால் என் கோபமும் முடிந்திருக்கும்.

பேரன் பிறந்த மறுமாதம் சம்பந்தி ஒரு பெரிய தகர போர்டோடு வந்தார். பட்டறைக்கு அன்பளிப்பாம். அவரே ஏணி பிடித்து, என் பழைய போர்டைக் கழற்றச் சொல்லி, இதை மாட்ட வைத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேலே சின்ன எழுத்தில் 'புகை பிடிக்கக் கூடாது'. அதற்குக் கீழே 'உபயம்' என்று போட்டு, அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், நிலக்கிழார் என்ற பட்டம், எல்லாம் சிவப்பு எழுத்தில் முழங்கை நீளத்துக்கு. இப்போது டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடம், "இந்தப் பட்டறையில நெருப்பே ஆவாதுன்னு கண்டிஷனா நான்தான் நிறுத்தினேன்" என்று சொல்கிறாராம். சட்டம் போட்டவன் நான். கை எரிந்தவர், கை நீட்டித் தடுத்தவர் மெக்கானிக். உபயம் இவருடையது!

கழற்றிவிடலாம் என்று ஏணியை எடுத்தேன். மெக்கானிக்தான் தடுத்தார்.

"இருக்கட்டும் அண்ணே. உங்க போர்டை ஒருத்தனும் நிமிந்து பாத்ததில்லை. இதை எல்லாரும் நின்னு படிக்கிறான்."

உண்மைதான். நேற்றுகூட ஒருவர் வாயில் பீடியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "உபயம்... யாரு அண்ணே இது? பெரிய ஆளா?" என்றார்.

"பெரிய ஆளுதான்" என்றார் மெக்கானிக், வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டாமலே. "முழுசாப் படிச்சுட்டு, பீடியை எதிர்த்தாப்புல போயி போட்டுட்டு வாங்க."

அவர் போய்ப் போட்டுவிட்டு வந்தார். அந்தப் போர்டு இன்னும் தொங்குகிறது. அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.